காருக்குத் தைத்த சட்டை

அத்தியாயம் 14

"வெள்ளிக்கிழமை கார் கராச்சுக்குள்ள போகவேணும்" என்று பாக்கியரத்தினம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சொன்னவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து வயிறாரச் சாப்பிட்டும் விட்டார். அவருடைய மனைவி குணேஸ்வரிக்குத்தான் அன்றிலிருந்து சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை.

அந்தக் கராச்சுக்குள் இருப்பது அவளுடைய தம்பி குடும்பம். தொண்ணூறாம் ஆண்டு திரியாய்ச் சனம் ஊரை விட்டு ஓடி வந்தபோது, தம்பிராசாவும் மனைவி கனகமணியும் இரண்டு பெண் பிள்ளைகளும் பாலையூற்றில் அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். "ரெண்டு கிழமைக்கு, அக்கா" என்றுதான் தம்பி கேட்டான். இரண்டு கிழமை மூன்று வருசமாகிவிட்டது. யாரை நொந்து என்ன? சண்டைக்காரர் கலண்டர் பார்த்துக்கொண்டா சண்டை பிடிக்கிறார்கள்?

ஆனால் கராச்சுக்கு முதல் உரிமைக்காரர் கார். அதுவும் லேசுப்பட்ட கார் இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரத் துரை, துண்டு துண்டாக நாலு பெட்டிகளில் கப்பலில் இறக்குவித்த கார். கடையில் வாங்கி ஓட்டிக்கொண்டு போகிற சாமான் அல்ல. வீட்டில் வைத்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். எண்பத்து மூன்றில் கலவரம் வந்ததும் துரை பெட்டிகளை உடைக்காமலே தன்னிடம் பிட்டராக இருந்த பாக்கியரத்தினத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். நம்மவர் ஏழு வருசம் இருந்து, ஒவ்வொரு நட்டாக முறுக்கி, அதைக் காராக்கிவிட்டார். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, ஒடுங்கிய வால். கூரை மட்டும் கிடையாது. கூரையில்லாமல் ஓடுவதுதான் அந்தச் சாதிக் காரின் பெருமையாம். திருகோணமலை மாரி மழைக்கு அந்தப் பெருமையெல்லாம் விளங்குமா?

தம்பி குடும்பம் கராச்சுக்குள் போக, கார் மாமரத்தின் கீழ் வந்தது. நாலு சில்லும் கழன்றன. அந்தக் காலத்தில் சில்லோடு வாகனம் வைத்திருப்பவனைப் போல விசரன் வேறு இல்லை. ஓடுகிற வாகனம் என்று கண்டால் யாராவது வந்து கேட்பார்கள். கேட்கிறவர்களிடம் நீ எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்க முடியாது. அதனால் கார் தென்னங்குற்றிகளில் நின்றது. நாலு சில்லையும் படுக்கப் போட்டு, மேலே பலகை விரித்து, கராச்சுக்குள் பிள்ளைகளுக்குக் கட்டிலாக்கினான் தம்பிராசா.

மூன்று மாரிக்கும் கிடுகும் பழைய பொலித்தீனும் போட்டுச் சமாளித்தாயிற்று. நாலாவது மாரிக்குப் பாக்கியரத்தினம் மாட்டேன் என்று நின்றார்.

"காருக்கு அளவா ஒரு படங்கு தைச்சுப் போட்டா?" என்று குணேஸ்வரி கேட்டாள். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகாட்டி?"

"போகாட்டி அவை இருக்கட்டும். வெள்ளிக்கிடையில கொண்டாரும் பாப்பம்."

அவ்வளவுதான். தம்பியின் தலைக்கு மேல் கூரை நிற்பது ஒரு துண்டுப் படங்குச் சீலையில் தொங்கியது.

*

புதன்கிழமை காலை குணேஸ்வரி மகள் பூரணியையும் கூட்டிக்கொண்டு கிண்ணியாவுக்கு வெளிக்கிட்டாள். பூரணி அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்பவள். தாய்க்காக அன்று லீவு போட்டாள். துறையடியில் பஸ்ஸால் இறங்கி, ஆளையும் லொறியையும் ஒன்றாய் ஏற்றுகிற மிதவைப் பாதையில் அக்கரை போனார்கள். வானம் காலையிலேயே கறுத்திருந்தது. குணேஸ்வரி அதை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

ஜெமீல் லொறிப் படங்கு தைப்பவர். ஒரு கால் இழுக்கும். அதனால் சோதனைச்சாவடி தாண்டி அளவெடுக்க வரமாட்டார். குணேஸ்வரிதான் மூன்று நாளைக்கு முன்பு பழைய நூல் சேலைகளைக் காரின் மேல் விரித்து, ஊசி குத்தி, மூக்கு வேறு, வால் வேறு, முன்கண்ணாடிக்கு ஒரு கூனல் வேறு என்று வெட்டி, ரவிக்கைக்கு அளவு கொடுப்பது போலக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அதைப் பார்த்து ஜெமீல் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு கடைத்தெருவுக்கே கேட்டது.

இன்று அவர் சிரிக்கவில்லை. தைத்து முடித்ததைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா லொறிக்குத் தைக்கிறன் தங்கச்சி. லொறிக்கு என்ன, போர்த்து விடுறதுதானே. இப்பிடி இடுப்புப் பிடிச்சு ஒண்டுக்கும் தைச்சதில்ல."

"தண்ணி போகாதுதானே?"

"தையலுக்கெல்லாம் மெழுகு போட்டிரிக்கன். குடத்தோட ஊத்திப் பாருங்க." அவர் படங்கின் கீழ்க்கரையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கரை வண்டிக்கு அடியில மடிஞ்சு போகுது. கயிறும் அடியாலதான் கட்டவேணும். நான் அண்டைக்கே சொன்ன கதைதான். சில்லுப் பூட்டினா இது வராது. மறுகா வந்து என்னைப் பேசப்படாது."

"சில்லுப் பூட்டுற எண்ணமே இல்லை, நானா."

"அப்ப சரி."

கடையை விட்டு இறங்கியதும் பூரணி தாயைப் பிடித்தாள். "ஏனம்மா, சில்லுக்கும் இடம் விட்டுத் தைக்கச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொல்லியிருக்கலாம்."

"பிறகு?"

"இடம் விட்டா கொப்பர் பூட்டுவார். பிள்ளையள் எதில படுக்கிறது?"

பூரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குணேஸ்வரிக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். இருபத்தாறு வருசம் ஒரு பிட்டரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இவ்வளவு கெட்டித்தனம்கூட வராதா?

*

மிதவைப் பாதையால் இறங்கிய இடத்தில் கெட்டித்தனம் எல்லாம் காற்றில் பறந்தது.

சோதனைச்சாவடியில் படங்கு மூட்டையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார்கள். விரிக்கச் சொன்னார்கள். மணலில் விரிந்து கிடந்ததைக் கண்டதும் இரண்டு பேராக நின்ற இராணுவத்தினர் ஐந்து பேரானார்கள். கூர் மூக்கு, நடுவில் கூனல், ஒடுங்கிய வால், கரையெல்லாம் பித்தளைக் கண்ணி. குணேஸ்வரி அப்போதுதான் அதை வேறு ஆளின் கண்ணால் பார்த்தாள். ஐயோ என்றிருந்தது.

சார்ஜன் முன்னுக்கு வந்தார். தமிழ் கொஞ்சம் வந்தது அவருக்கு.

"இது போட் மூடுறது?"

"இல்லை ஐயா. கார்."

"கார்?" அவர் படங்கின் மூக்கைச் சப்பாத்து நுனியால் தட்டினார். "இப்படிக் கார் லங்காவில இல்ல."

பூரணி தனக்குத் தெரிந்த கச்சேரிச் சிங்களத்தில் பெட்டி, துரை, அப்பா பூட்டியது என்று சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அது பொய் போலவே இருந்தது. பெட்டிக்குள் கார் வருமா? வந்தால் எங்கே அதன் இலக்கத் தகடு? பதிவுப் புத்தகம்? இரண்டும் கிடையாது, அந்தச் சாதிக் காரைப் பதிய யாருக்கும் தெரியாமல் கோப்பு அலைந்துகொண்டிருக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது. இயக்கத்துச் சிறு போட்டுகள் இரவோடு இரவாகக் கடலில் ஓடித் திரிந்த காலம். துறைமுகத்தைச் சுற்றி அந்தச் சொல்லைக் கேட்டாலே எல்லோருக்கும் விறைக்கும்.

சார்ஜன் இருவருடைய அடையாள அட்டைகளையும் வாங்கிக்கொண்டார். தைத்தவர் பெயரையும் எழுதினார்.

"காட்டு. கார் காட்டு. இது காருக்குச் சரி எண்டா நீங்க வீட்டில. சரியில்ல எண்டா காம்புக்கு."

"வாங்கோ ஐயா, காட்டுறன்" என்றாள் குணேஸ்வரி. ஏன் பயப்பட வேண்டும்? அவள் ஊசி குத்தி அளந்த காரல்லவா? அரை அங்குலம் பிசகாது.

ஜீப் பாலையூற்றுக்குள் திரும்பியபோது ஒழுங்கைச் சனம் முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. அவள் ஒருவரையும் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டு வாசல் வந்தது. மாமரம் தெரிந்தது.

கார் நாலு சில்லில் நின்றது.

*

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. குற்றிகள் ஒதுக்கமாக உருட்டி விடப்பட்டிருந்தன. கராச் கதவு இரண்டும் விரியத் திறந்து கிடந்தன. உள்ளே நிலம் கூட்டியிருந்தது. கொடியில் கனகமணியின் சேலை இல்லை. மூலையில் பிள்ளைகளின் புத்தகப் பெட்டி இல்லை. பாக்கியரத்தினம் கையில் ஸ்பானரோடு, ஜீப்பைக் கண்ட அதிர்ச்சியில், பாதிக் குனிந்தபடி நின்றார்.

குணேஸ்வரி அவருக்குக் கிட்டப் போய் அடங்கிய குரலில் கேட்டாள். "தம்பியாக்கள் எங்க?"

"பிறகு கதைப்பம்."

"எங்க எண்டு கேக்கிறன்."

"இப்ப ஏலாது. ஆமிக்காரர் நிக்கினம்."

அவளுக்கு அந்த இடத்திலேயே ஸ்பானரைப் பறித்து எறிய வேண்டும் போலிருந்தது. இன்றைக்குப் புதன். வெள்ளிக்கிழமை என்று சொன்ன மனிசன் அவளைப் படங்கு எடுக்க அனுப்பிவிட்டு, முதுகுக்குப் பின்னால் கராச்சைக் காலியாக்கியிருக்கிறார். இத்தனை வருசக் குடித்தனத்தில் அவர் அவளுக்குக் கோபத்தில் நூறு சொன்னதுண்டு. களவாக ஒன்று செய்தது இதுதான் முதல் தடவை.

சார்ஜன் காரைச் சுற்றி வந்தார். அவருக்கே ஆச்சரியம். "உண்மை கார்தான்" என்று கூட வந்த இரண்டு ஆமிப் பெடியளிடம் சொன்னார். "சரி. போடு."

போட்டார்கள். மூக்கு சரியாய் இருந்தது. கண்ணாடிக் கூனல் சொல்லி வைத்தாற்போல் உட்கார்ந்தது. அதன் பிறகு பக்கங்கள் இறங்கின. இறங்கி, சில்லில் தட்டி, அப்படியே நின்றன. அடியில் மடிய வேண்டிய கரை வெளியே பிதுங்கியது. ஒரு பக்கத்தை இழுத்தால் மற்றப் பக்கம் மேலே போனது. வால் பகுதி காரை விட்டு ஒரு முழம் எழும்பி நின்றது.

சார்ஜனின் முகம் மாறியது. "சரியில்ல."

"ஐயா, பொறுங்கோ..."

"இந்தக் காருக்கு இல்ல இது."

பாக்கியரத்தினம் சிங்களத்தில் முந்திக்கொண்டார். துறைமுகத்தில் முப்பது வருசம் பேசிப் பழகிய சிங்களம். அளவு எடுத்தது பெண்பிள்ளைகள் என்றும், சேலையை வைத்து அளந்தது என்றும், பிழைத்திருக்கும் என்றும் சொன்னார். குணேஸ்வரிக்கு அவ்வளவும் விளங்கியது. பத்திக்கொண்டு வந்தது.

"அளவு பிழைக்கேல்லை" என்றாள். "பூரணி, சொல்லு அவருக்கு. இது சில்லில்லாத காருக்குத் தைச்சது. சில்லைக் கழட்டினா சரி வரும்."

பாக்கியரத்தினம் திரும்பினார். "சில்லில்லாத காருக்கோ? ஆர் அப்பிடித் தைக்கச் சொன்னது?"

"நான்தான்."

"ஏன்?"

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியாதே?"

அவர் சில்லுகளைப் பார்த்தார். காலையில் அவை எங்கேயிருந்து உருண்டு வந்தன என்பது அவருக்குத் தெரியாதா என்ன? மனிசி தன்னை எவ்வளவு கணக்காக அளந்து வைத்திருக்கிறாள் என்பதும் அப்போது விளங்கியிருக்க வேண்டும். காது மடல் சிவந்தது.

சார்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கழட்டு."

காலையில் இரண்டு மணித்தியாலம் முறிந்து பூட்டிய சில்லுகளை, பாக்கியரத்தினம் பின்னேரம் மூன்று மணிக்கு ஒவ்வொன்றாகத் தானே கழற்றினார். பெடியள் இரண்டு பேரும் துவக்கைத் தோளில் கொழுவிவிட்டுக் காரைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே கண்ணாடியில் தலைமயிரையும் சரிசெய்துகொண்டான். குற்றிகள் திரும்பவும் அடியில் போயின. பூரணி ஒரு பக்கம், குணேஸ்வரி மறுபக்கம். படங்கை இழுத்து, கரையை அடியில் மடித்து, கண்ணிகளில் கயிற்றை ஓட்டி முடிச்சுப் போட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் பொம்பிளைக்குப் போட்ட ரவிக்கை போல இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. விரல் நுழைய இடமில்லை. சார்ஜனே வாளியில் தண்ணீர் எடுப்பித்து மேலே ஊற்றுவித்தார். தண்ணீர் வழிந்து மணலுக்குப் போனது.

அந்த நேரத்திலும் பாக்கியரத்தினத்தின் கை சும்மா இருக்கவில்லை. ஒரு முடிச்சைத் தளர்த்தி, உள்ளே விரலை விட்டு இருக்கையைத் தடவிப் பார்த்தார். காய்ந்து இருந்தது. "நல்லாத்தான் தைச்சிருக்கிறான்" என்று தனக்குள் சொன்னார். குணேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனிசனை என்ன செய்வது?

*

சார்ஜன் அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். ஜெமீலின் பெயரை வெட்டினார். போகிற போக்கில், வழக்கப்படி, "குடும்பப் பதிவு?" என்று கேட்டார்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இராணுவத்துக்கு எழுதிக் கொடுத்து, முத்திரை வாங்கி வைத்திருக்கிற கடதாசி. பூரணி உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தாள். அதைக் கொடுக்கும்போதுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்கே நினைவு வந்தது. கை பின்வாங்கப் பார்த்தது. பிந்திவிட்டது.

சார்ஜன் விரலை வைத்து எண்ணினார். "ஏழு. இங்க மூணு." விரல் நாலாவது பெயரில் நின்றது. "தம்பிராசா. திரியாய். மீன் பிடிக்கிறது." நிமிர்ந்தார். "எங்க?"

கடதாசியில் இருக்கிற ஆள் வீட்டில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பாலையூற்றில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆள் திரியாய்க் கடல்காரனாகவும், அன்றைக்கே அவன் இருந்த வீட்டுக்குப் போட் போல ஒரு படங்கு வந்ததாகவும் இருந்தால்?

குணேஸ்வரி புருசனைப் பார்த்தாள். ஒரு சொல் போதும் அவர் தப்பிக்க. எனக்குத் தெரியாது, அவை மனிசியின்ர ஆக்கள், சொல்லாமல் போயிட்டினம் என்றால் கதை முடிந்தது. மூன்று வருசமாக அவர் "உன்ர ஆக்கள்" என்றுதான் சொல்லி வந்தவர்.

பாக்கியரத்தினம் ஸ்பானரைக் கீழே வைத்தார். சார்ஜனுக்கு நேரே நின்று சிங்களத்தில் சொன்னார். பிறகு அதையே தமிழிலும் சொன்னார். அது சார்ஜனுக்கு அல்ல.

"அவன் என்ர மச்சான். பிழையான ஆளில்லை. வானம் கறுத்ததைக் கண்டு, இடத்தை விடு எண்டு நான்தான் காலமை சொன்னனான். ஒரு சொல்லு எதிர்த்துக் கதைக்கேல்லை. கட்டிலைக் கழட்டி, தானே சில்லை உருட்டிக்கொண்டு வந்து, 'அத்தான், நீங்கள் நட்டைப் பிடியுங்கோ, நான் முறுக்கிறன்' எண்டு பூட்டித் தந்திட்டுத்தான் வெளிக்கிட்டவன். பன்னிரண்டு மணி நிலாவெளி பஸ்ஸில போயிட்டினம். இரவைக்கு நிலாவெளிக் கோயிலில தங்கி, விடியத் திரியாய்க்கு நடந்து போறம் எண்டவன்."

திரியாய்க்கு! மூன்று வருசமாக ஒரு அடுப்பு எரியாத ஊருக்கு. வழியில் எத்தனை சாவடி, எத்தனை காடு. இரண்டு பெண் பிள்ளைகளோடு. குணேஸ்வரி கார் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சார்ஜன் பாக்கியரத்தினத்தின் அடையாள அட்டையை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு துண்டில் எதையோ எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

"இது காட்டிப் போ. ஆறு மணி. நாலு பேரும் காம்ப் வாசலில. இல்லாட்டி நீங்க வாங்க."

ஜீப் போய்விட்டது. மணி நாலு ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நிலாவெளி ஒன்பது மைல் கட்டை. பஸ் இல்லை. ஊரிலேயே ஓடக்கூடிய கார் ஒன்று காலையில் அந்த வளவில் நின்றது. இப்போது அது சில்லில்லாமல், அழகாகச் சட்டை போட்டுக்கொண்டு, குற்றியில் இருந்தது.

பாக்கியரத்தினம் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளை எடுத்தார். வாசல்வரை உருட்டிக்கொண்டு போனவர் நின்றார்.

"இஞ்சேர், நான் அவனைக் கழுத்தில பிடிச்சுத் தள்ளேல்லை."

"தெரியும்" என்றாள் குணேஸ்வரி. "அவன் தள்ள விடமாட்டான். சொல்ல முதலே எழும்பிப் போயிடுவான். அதுதான் எனக்கு வயிறு எரியுது."

அவர் சைக்கிளில் ஏறினார். அவள் பின்னாலேயே ஒழுங்கை வரை வந்தாள். அயலெல்லாம் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் உரத்துச் சொன்னாள்.

"தம்பியோட வாங்கோ. தனிய வரவேண்டாம்."